‘ஒரு நல்ல புத்தகமாகக் கொடுங்கள்’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு உதவ, நூலகர் எங்கே பயிற்சி பெறுவது?

கேள்வி: ஊர்ப்புற நூலகர், பென்னாகரம் வட்டம்

நூலகத் துறை நண்பர்களுக்கும் வாசகர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கதவைத் திறப்பதும், பதிவேடு எழுதுவதும், நூல்களை அடுக்குவதும் நான் ஒருவனே. எங்களிடம் அதிகம் வருபவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். தங்களுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. சிறுவர்கள் அட்டைப் படத்தைப் பார்த்துத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். நான் திணறுவது நாற்பது வயதைக் கடந்தவர்களிடம்தான். ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர், பெங்களூரில் பல ஆண்டுகள் கட்டட வேலை பார்த்துவிட்டு முதுகு வலியோடு ஊர் திரும்பியவர் ஒருவர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் தாய்மார்கள் சிலர் என்று வருகிறார்கள். எல்லாரும் ஒரே சொற்றொடரைத்தான் சொல்கிறார்கள்: “ஒரு நல்ல புத்தகமா கொடுங்க சார்.”

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, எங்களிடம் இருந்த பழைய மாத நாவல்களை வாரத்துக்கு இரண்டு வீதம் படித்து முடித்துவிட்டு, வேறு ஏதாவது நல்லதாகக் கேட்டார். பரிசு பெற்ற பெரிய நாவல் ஒன்றை, நானே மிகவும் விரும்பிப் படித்தது என்பதால், பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர் இரண்டு மாதமாக வரவில்லை. பிறகு சந்தையில் பார்த்தபோது, “எனக்கெல்லாம் பெரிய படிப்பு வராதுங்க சார்” என்றார். வாரத்துக்கு இரண்டு நாவல் படித்துக்கொண்டிருந்த ஒருவரை, படிக்கத் தெரியாதவர் என்று தம்மைப் பற்றியே எண்ணிக்கொள்ளும்படி செய்துவிட்டேனே என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நான் நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவன். பகுப்பாக்கம் கற்றேன், பட்டியலாக்கம் கற்றேன், இருப்புச் சரிபார்ப்பும் கற்றேன். பணியில் சேர்ந்த பின் எனக்குக் கிடைத்த பயிற்சிகள் கணினியையும் பதிவேடுகளையும் பற்றியவை. எதிரே நிற்கும் ஒருவரின் மனத்துக்கு உகந்த நூல் எது என்று கண்டறிவதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. இதற்கென்று பயிற்சி ஏதேனும் உண்டா? இல்லையென்றால், தனி ஆளாக இருக்கும் ஒரு நூலகர் இதைத் தாமே எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில் 1: ஓய்வு பெற்ற கிளை நூலகர், கிருஷ்ணகிரி

தம்பிக்கு வணக்கம். உங்களை உறுத்தும் அதே தவற்றை நான் என் பணிக்காலத்தில் பலமுறை செய்திருக்கிறேன். ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார் என்பதை நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இவ்விரண்டில் எதுவும் ‘நல்ல நூல்’ என்று பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அந்த அம்மாவுக்குக் கொடுத்தது நல்ல நூல்தான்; ஆனால் அது உங்களுக்கான நூல்.

பெரியவர்களிடம் “உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்பதை நான் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. அது தேர்வுக் கேள்விபோல் அவர்களை மிரட்டவும் செய்கிறது. அதற்கு மாறாக, “கீழே வைக்க மனம் வராமல் கடைசியாகப் படித்த கதை ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருப்பேன். அவர் சொல்லும் கதையைக் காட்டிலும் அதைச் சொல்லும் விதத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. ஒருவர் “அடுத்து என்ன ஆகுமோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை” என்பார். இன்னொருவர் “அந்தப் பெண் என் அக்காவைப் போலவே இருந்தாள்” என்பார். மற்றொருவர் “அந்த ஊர், அந்த ஏரி, அப்படியே கண்முன்னால் நின்றது” என்பார். மூவரும் ஒரே நாவலைப் படித்தவர்களாக இருக்கலாம், ஆனால் மூவருக்கும் அடுத்துக் கொடுக்க வேண்டிய நூல்கள் வேறு வேறு. அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல் என்ற நூலகர், வாசகர் ஒரு நூலுக்குள் நுழையும் வாசல்கள் நான்கு என்று சொல்லியிருப்பதைப் பின்னாளில் அறிந்தேன்: கதை, பாத்திரம், களம், மொழி. நான் தட்டுத் தடுமாறிக் கண்டதை அவர் தெளிவாகப் பெயரிட்டுச் சொல்லியிருந்தார்.

புத்தகமே படித்திராதவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து நடக்கிறது. கிருஷ்ணகிரியில் மாந்தோப்புக் காவலாளியாக இருந்த பெரியவர் ஒருவர், வாழ்நாளில் ஒரு நாவலும் படித்ததில்லை என்றார். கூத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டதும் கர்ணன் சண்டைக்குப் புறப்படும் இரவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நியாயம் தெரிந்தும் நன்றிக்காகத் தவறான பக்கம் நிற்கும் ஒரு மனிதனின் இக்கட்டுதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. முதலில் உரைநடையில் எழுதப்பட்ட பாரதக் கதையைக் கொடுத்தேன். அதன் பிறகு, முதலாளிக்கும் உறவுக்கும் இடையில் சிக்கிக்கொண்ட ஒரு பண்ணையாளைப் பற்றிய நாவலைக் கொடுத்தேன். அதையும் முடித்துவிட்டு வந்து, “இவனும் கர்ணன்தான்” என்றார். கூத்து, வானொலி நாடகம், தொலைக்காட்சித் தொடர், பாட்டி சொன்ன கதை என்று எதிலிருந்து வேண்டுமானாலும் பேச்சைத் தொடங்கலாம். கதையே கேட்டிராத பெரியவர் ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நூலை எடுத்து “இதைப் படியுங்கள்” என்று கையில் கொடுத்தால் அது கட்டளையாகிவிடும்; பிடிக்காவிட்டால் குறை தம்மிடம்தான் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். உங்கள் தையல்கார அம்மாவுக்கு நேர்ந்தது அதுதான். மூன்று நூல்களை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, நகர்ந்து விடுங்கள். பிடிக்காததைப் பாதியில் நிறுத்தலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்துப் பார்ப்பது, பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுவது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, அத்தனை பக்கம் மட்டும் படித்துப் பார்த்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். இதைச் சொன்னபோது பெரியவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

தனி ஆளாகக் கற்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படித்த ஒவ்வொரு நூலுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். விரைந்து செல்வதா, நின்று நிதானமாகச் செல்வதா. யார் பார்வையில் சொல்லப்படுகிறது. எந்த மண்ணில் நடக்கிறது. வட்டார வழக்கு எவ்வளவு. முடிவு மனத்தை லேசாக்குகிறதா, கனக்கச் செய்கிறதா. குழந்தையின் இறப்பு, வன்முறை போன்று சிலரால் தாங்க முடியாத பகுதி உண்டா. எல்லா நூலையும் முழுதாகப் படிக்க நமக்கு ஆயுள் போதாது. புதிதாக வரும் நூலை அடுக்கில் வைப்பதற்கு முன் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு பின்னட்டை, முன்னுரை, முதல் அத்தியாயத்தின் தொடக்கம், நடுவில் இரண்டு இடம் ஆகியவற்றைப் பார்த்தாலே இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பதில் 2: வாசகி, அரூர்

நான் நூலகர் அல்லள். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவள். ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடலில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றித் தமிழில் புத்தகம் இருக்குமா என்று கேட்க ஒரு நூலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், உதவும் எண்ணத்தோடுதான் கேட்டார், ஆனால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு உரத்த குரலில், “மருத்துவமா? என்ன நோய்? யாருக்கு?” என்று கேட்டார். நான் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரியவர்கள் புத்தகம் தேடி வருவதன் பின்னால் சில நேரம் ஒரு துயரம் இருக்கும்: கடன், மணமுறிவு, மகனின் குடிப்பழக்கம், வீட்டில் ஓர் இறப்பு. அதை அவர்கள் முதல் சொல்லிலேயே சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவதும், மேசையை விட்டு எழுந்து அடுக்குக்குப் பக்கத்தில் போய் நின்று பேசுவதும், யார் எதை எடுத்துச் சென்றார் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் பயிற்சியில் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதில் 3: நூலக அறிவியல் விரிவுரையாளர், சேலம்

கேள்வி கேட்ட நண்பர் நேரடியாகக் கேட்டதற்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். தமிழில் இதற்கென்று தனிப் பயிற்சி எதையும் நான் கண்டதில்லை. நம் பாடத்திட்டங்கள், தகவல் கேட்டு வருபவருக்கு விடை தேடிக் கொடுப்பதைக் கற்பிக்கின்றன. மாவில் தத்துப்பூச்சிக்கு என்ன செய்வது என்று ஒரு விவசாயி கேட்டால் அதற்குச் சரியான விடை என்று ஒன்று உண்டு. மனம் ஒன்றிப் படிக்க ஒரு நூல் கேட்பவருக்கு அப்படி ஒற்றை விடை கிடையாது. இரண்டும் வேறு வேறு திறன்கள்.

அமெரிக்கப் பொது நூலகங்களில் 1920-களிலேயே வாசகர்களுக்கு நூல் பரிந்துரைப்பதற்கென்று தனி அலுவலர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் மக்களைப் ‘பண்படுத்துவதை’ நோக்கமாகக் கொண்டு, பாடத்திட்டம்போல் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அந்த முறை சில பத்தாண்டுகளில் தேய்ந்துபோயிற்று. இல்லினாய் மாநிலத்தில் ஒரு புறநகர் நூலகத்தில் பணிபுரிந்த ஜாய்ஸ் சாரிக்ஸ், தம் சக நூலகர் நான்சி பிரவுனோடு சேர்ந்து 1989-இல் வெளியிட்ட கையேடு இப்பணிக்குப் புது வழி காட்டியது. வாசகர் விரும்பும் நூலின் பொருளைக் காட்டிலும் அதன் நடையோட்டம் (கதை நகரும் வேகம்), பாத்திரங்கள், கதைப்போக்கு, பின்புலம் ஆகியவை அவரை எப்படி ஈர்த்தன என்று பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. மேலே ஐயா நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னவை ஏறத்தாழ இவையே.

இணையத்தில் கிடைப்பவற்றில், நூலகப் பணியாளர்களுக்கான வெப்ஜங்ஷன் தளத்தின் பாடங்களை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக உள்ளன. இரண்டுமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வெளிநாட்டு நூலகங்கள் பயன்படுத்தும் நாவலிஸ்ட் போன்ற பரிந்துரைத் தரவுத்தளங்கள் கட்டணச் சேவைகள். ஆங்கில நூல்களை மையமாகக் கொண்டவை என்பதால் நம் அடுக்கில் இருப்பவற்றுக்கு அவை உதவா.

ஆகவே ஒரு வழிமுறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அதை நம் நூல்களில் நாமே செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அங்குள்ள நூலகர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஏதேனும் ஒரு நூல்வகையை எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒரு பொது நூலையும், அதோடு ஆளுக்கு வேறொரு நூலையும் படித்துவிட்டுக் கூடி, இந்த வகையை விரும்புபவர் எதற்காக விரும்புகிறார், இதிலிருந்து அவரை அடுத்து எங்கே அழைத்துச் செல்லலாம் என்று பேசுகிறார்கள். நூலின் தரத்தைப் பற்றிய விவாதம் அங்கே இல்லை. மேலைநாட்டு வகைப்பிரிப்பு நமக்கு அப்படியே பொருந்தாது. நம்மிடம் குடும்ப நாவல் ஒரு தனி உலகம். வரலாற்று நாவல் வாசகர்கள் தனி. வட்டார நாவல், தன்வரலாறு, வங்காளம், உருசியம் முதலியவற்றிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு, ஆன்மிகம், சித்த மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாசகர்கள் உண்டு. வட்ட அளவில் ஐந்தாறு நூலகர்கள் சேர்ந்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

பதில் 4: கிளை நூலகப் பணியாளர், ஓசூர்

மேலே சொன்னவை அனைத்தையும் மதிக்கிறேன். ஆனால் பயிற்சி பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தோடு என்னால் முழுதாக உடன்பட இயலவில்லை. வாசகரோடு அமர்ந்து பேசி, அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்த பிறகு, அந்த நூல் அடுக்கில் இல்லையென்றால் ஏமாற்றம் இரண்டு மடங்காகிறது. சிறிய நூலகங்களுக்கு எந்த நூல் வர வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் நாங்கள் அல்லர். எனவே வாசகர் கேட்டுக் கிடைக்காத ஒவ்வொன்றையும் தேதியோடு பரிந்துரைப் பதிவேட்டில் எழுதி, மேலே அனுப்புவதையும் இப்பணியின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

எங்கள் ஊரின் நிலைமை இன்னும் சற்றுச் சிக்கலானது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுபவர்கள், பேச்சுத் தமிழில் தடையின்றி உரையாடுவார்கள், ஆனால் எழுத்துத் தமிழை மெதுவாகத்தான் படிப்பார்கள். தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு என்பது நாம் அறிந்ததே. வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள் நம் இரு மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறுவர் நூலைக் கொடுத்துவிடுவது எளிது, நானும் கொடுத்திருக்கிறேன். சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவர் அட்டையில் இருந்த முயல் படத்தைப் பார்த்துவிட்டு, “என் பையனுக்குன்னு நினைச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. எழுத்து பெரிதாகவும், அத்தியாயம் சிறிதாகவும், பேசும் பொருள் பெரியவர்களுக்கு உரியதாகவும் இருக்கும் நூல்களைத் தேடித் தனியே குறித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் சுருக்கமான வாழ்க்கை வரலாறுகளும், உரையாடல் மிகுந்த சிறுகதைகளும்தான் கைகொடுக்கின்றன. அந்தப் பட்டியலில் இன்னும் நாற்பது நூல்கூடச் சேரவில்லை.

நூலக நண்பர்கள் திட்டத்தில் வீடுகளுக்கு நூல் எடுத்துச் செல்லும் தன்னார்வலர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. வாசகர் முன்னால் நிற்பவர்கள் அவர்கள்தாம். “சென்ற முறை கொடுத்ததில் எது பிடித்தது, எதற்காகப் பிடித்தது?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக் குறித்துவர அவர்களைப் பழக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அரூர் அம்மா எழுதியதைப் படித்த அன்றே என் மேசையைச் செய்தித்தாள் பலகையிலிருந்து தள்ளி, சன்னலோரம் நகர்த்தி வைத்துவிட்டேன்.

சென்ற வாரம் தையல் கடைக்கும் போனேன். புத்தகத்தைப் பற்றி எதுவும் பேசாமல், முன்பு படித்த மாத நாவல்களில் எது நினைவில் நிற்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் கதையைச் சொல்லவில்லை. அதில் வரும் மாமியாரைப் பற்றியே பேசினார். “கெட்டவள்தான், ஆனா அவளுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சுங்க” என்றார். ஐயா சொன்ன வாசல்களில் அவருடையது பாத்திரம் என்று எனக்குத் தோன்றியது. நான் அன்று கொடுத்த நாவலோ முழுக்க முழுக்க நிலத்தையும் மொழியையும் சார்ந்தது. பெண்களின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று, தன்வரலாறு ஒன்று, குடும்ப நாவல் ஒன்று என மூன்றை ஒரு பையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

விரிவுரையாளர் ஐயா சொன்ன குழுவைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களிலிருந்து நான்கு ஊர்ப்புற நூலகர்கள் இசைந்துள்ளார்கள். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை, மாதம் ஒருமுறை, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று பேசியிருக்கிறோம். முதல் கூட்டத்துக்கு எந்த வகையை எடுத்துக்கொள்வது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. எங்களுக்குப் பழக்கமான வட்டார நாவலை எடுக்கலாம் என்கிறார்கள் இருவர்.

பதில்: ஓய்வு பெற்ற கிளை நூலகர், கிருஷ்ணகிரி

குடும்ப நாவலை எடுங்கள், தம்பி. நம் நூலகங்களில் அதிகம் தேய்ந்து கிழிந்திருப்பவை அவைதாம், நூலகர்கள் மிகக் குறைவாகப் படித்திருப்பவையும் அவைதாம். ஆளுக்கு இரண்டு படித்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அவற்றை எடுத்துச் சென்ற வாசகர் ஒருவரிடம் பேசிவிட்டு வாருங்கள். தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று எழுதினால், முதல் கூட்டத்துக்கு என் பழைய நோட்டுகளோடு நானும் வருகிறேன்.